வெள்ளிக்கிழமை முத்திரை

ஜூன் 3
எங்கள் ஆபீசுக்கு லிப்ட் வந்த வருடம் அது. திறந்து வைத்த பெரிய அதிகாரியே கத்தரிக்கோலும் கையுமாக இரண்டு மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டு அலறினார். அதே வருடம்தான் எங்கள் ஜீப் டிரைவர் ஸ்டியரிங் மேல் சாய்ந்து செத்துப்போனார். அப்பா வேலையைக் கேட்டு மகள் மனுக் கொடுத்தாள். ஒரு வருடத்துக்குள் வர வேண்டிய மனு இரண்டு நாள் பிந்தி வந்தது என்று தள்ளிவிட்டார்கள். பதினொரு வருடமாக அலைகிறாள். இப்போதுதான் விசாரணை வைத்திருக்கிறார்கள். தபால் பிரிவில் பியூனாக இருந்தவன் நான், சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். “ஞாபகம் வர்றப்பல்லாம் எழுதி வைங்க” என்றார் அவள் வக்கீல். எனக்கு எழுத்து ஏது? நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

ஜூன் 4
“மாமா, திட்டுறதையும் எழுதணுமா?”
அதுதானே விஷயம். எழுது.

ஜூன் 7
தலைமை எழுத்தர். சட்டைப்பையில் மூன்று பேனா. ஒன்றிலும் மை இருக்காது. வந்த தபால் அன்றைக்கே மேலே போக வேண்டும் என்பது விதி. இவர் மேசையிலோ வாரம் முழுக்கத் தூங்கும். அதற்கு ஐயா கண்டுபிடித்த வித்தை: திங்கட்கிழமையே, தபால் வந்த தேதி குத்தும் முத்திரையின் சக்கரத்தை வெள்ளிக்குத் திருகி வைத்துவிடுவார். எந்த நாள் வந்தாலும் வெள்ளி வந்ததாக விழும். வெள்ளி மாலை மொத்தமாக மேலே ஏறும். “பாத்தியா, ஒரு நாள்கூட லேட் இல்ல!” என்று இளிப்பார். இதற்கா ஒருவன் காலேஜ் வரைக்கும் படித்தான்?

ஜூன் 8
மனு வந்தது செவ்வாய்க்கிழமை. அந்தப் பெண்ணே என் கையில் கொடுத்தாள். கெடு மறுநாள் புதன். ரசீது கேட்டாள். “ஏம்மா, நாங்க என்ன ஓடியா போயிடுவோம்?” என்றார் தலைமை எழுத்தர், தலையைத் தூக்காமலே.

ஜூன் 9
இன்று சொல்ல ஒன்றும் இல்லை. இருக்கிறது. வேண்டாம்.

ஜூன் 12
அகப்பட்டார் மேதை! அதே செவ்வாயன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் — எங்கள் மரக்கிளை அவர்கள் கூரை ஓடுகளை உடைக்கிறது என்று. பெரிய அதிகாரியின் பேரன் படிக்கிற பள்ளி. அதனால் அது மட்டும் குத்திய சூட்டோடு மேலே போனது. தேதியை அங்கே எவன் பார்த்தான்? வியாழக்கிழமையே டைப்பிஸ்ட் அம்மா பதில் அடித்தாள். நான்தான் கொண்டுபோனேன். தலைமையாசிரியை என் தபால் புத்தகத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். வெள்ளி வந்த கடிதத்துக்கு வியாழனே பதில்!
மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்: “மாமா, முத்திரை குத்துனது யாரு?”
அதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள், பாவி.

ஜூன் 15
இப்போதைய சூப்பிரண்டு வீடு தேடி வந்தான். “பெரியவரே, எழுதப் படிக்கத் தெரியாத உங்களுக்கு முத்திரையில என்ன தேதின்னு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. எதுக்கு அசிங்கப்படணும்?”
படிக்கத் தெரியாதுதான். சக்கரம் திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமைதான் திரும்பும் என்று தெரியாதா? காபிகூடக் கொடுக்க வேண்டாம் என்றேன் மருமகளிடம்.

ஜூன் 19
விசாரணை. அதிகாரி வெள்ளி என்று பதிந்த வரவுப் புத்தகத்தையும் என் தபால் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.
“பள்ளிக்கூடத்துக் கடுதாசி சரி. மனுவும் அப்படித்தான்னு யார் சொல்றது?”
டிரைவர் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது.
“நான் சொல்றேங்க. செவ்வாய்க்கிழமை என் கையில குடுத்துச்சு. தப்புத் தேதின்னு தெரிஞ்சேதான் குத்தினேன். வாரா வாரம் குத்தினேன்.”
“பதினோரு வருஷமா ஏன் சொல்லல?”
“யாரும் கேக்கல. கேக்காம இருந்தா நல்லதுன்னு இருந்துட்டேன்.”
அப்போதுதான் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதிகாரி எழுதியதன் கீழே கட்டைவிரலை உருட்டி வைத்தேன்.

ஆகஸ்ட் 2
டிரைவர் மகளுக்கு வேலை உத்தரவு வந்துவிட்டதாம். மருமகள் கடையில் கேட்டுக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் இங்கே வரவில்லை. ஏன் வருவாள்?
காலையிலிருந்து திட்டுவதற்கு ஆள் தேடுகிறேன். தலைமை எழுத்தர் செத்து நாலு வருடம். டைப்பிஸ்ட் போன மழைக்காலத்தில் போனாள். அந்த அறையில் இருந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான்.