நாலாவது பாட்டில் அப்பா

தம்பிக்கு,

உன் மூன்றாவது ஆல்பம் இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. போன வாரம் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், அதில் நாலாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அழுதுவிட்டாள்.

"கிட்டாரை உடைச்ச அப்பா கடைசியில செத்துப்போறாரு சார். பையன் மன்னிக்கவே இல்ல," என்று அப்பாவிடமே சொன்னாள். அவர் கண்ணாடி துடைக்கிற துணியை அவளிடம் நீட்டினார்.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, என் போனில் பத்துப் பாட்டையும் கேட்டார். நான் லென்ஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"உடைச்சது நிஜம்தான். சாகடிச்சதுலதான் கொஞ்சம் முந்திக்கிட்டான்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "குரல் நல்லா பழுத்திருக்கு," என்றார்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. பாட்டு உன்னுடையது, எப்படி முடிப்பது என்பதும் உன் இஷ்டம்.

வியாழக்கிழமை காலை அவருக்கு இதய ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில், ஏதாவது என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். அப்பா என்னைக் கேட்கவில்லை, எந்தக் குறிப்பையும் பார்க்கவுமில்லை. உன் பெயரையும் போன் நம்பரையும் எழுதினார்.

ஒன்பது வருஷமாக அந்த நம்பருக்கு அவர் பேசியதே இல்லை. ஆனால் ஓர் இலக்கம்கூடத் தப்பில்லை, நான் சரிபார்த்தேன்.

வியாழக்கிழமை போனை அணைத்து வைக்காதே.

அக்கா