பேரனின் எடை

1963, ஐப்பசி 12.

மூத்த பேரனுக்குத் தபாலாபீசில் வேலை நிரந்தரமாகிவிட்டது. பேத்தி டீச்சர் டிரெயினிங்கில் முதலாவதாக வந்தாள். சின்னவன் முருகேசனுக்கு மதுரையில் உத்தியோகம், சொந்தமாக மோட்டார் சைக்கிள். எங்கள் பூம்பாறையில் வேறு யார் வீட்டில் உண்டு?

அந்த வண்டியை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

லீவில் வந்தவன், பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லி வண்டியை மெக்கானிக்கிடம் விட்டிருந்தான். நேற்று அவன் வெளியே போயிருந்தபோது மெக்கானிக் வீட்டுக்கே வந்தார்.

"பேரன் எடை எம்புட்டு ஆத்தா? அதுக்குத் தக்கனதான் ஸ்பிரிங் போடணும்."

வளர்ந்த பிள்ளையின் எடையை வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடாதா? "நூத்திருபது ராத்தல் இருப்பான், ஒல்லிப்பய" என்றேன். பூண்டு மூட்டை நிறுக்கும் தராசில் அவன் ஏறியபோது நூற்றெழுபது காட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்று வெள்ளனே மதுரைக்குக் கிளம்பினான். சாயங்காலம் பஸ் கண்டக்டர் வந்து சொன்னார்.

"மலைப்பாதையில குழிக்குக் குழி வண்டி பின்னால அமுங்கி இடிக்குது ஆத்தா. ஒரு வளைவுல விளிம்பு வரைக்கும் போயிருச்சு. அப்பவும் கையக் காட்டிச் சிரிச்சுட்டுத்தான் போறாரு. என்னத்தப் போட்டு வளத்தீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொன்ன எடைக்குப் போட்ட ஸ்பிரிங் அல்லவா அது? மதுரை போய்ச் சேர்ந்தானா? சேர்ந்திருந்தாலும் நாளைக்கும் அதே வண்டியில்தானே ஏறுவான்?

விடிந்ததும் கார்டு போட வேண்டும். போஸ்ட்மேன் படித்தாலும் படிக்கட்டும். முருகேசா, கண்ணுக்குப் பயந்து மெக்கானிக்கிடம் உன் எடையைக் குறைத்துச் சொல்லிவிட்டேன். நீ நூற்றெழுபது ராத்தல். ஸ்பிரிங்கை மாற்றாமல் வண்டியைத் தொடாதே. மாற்றியதும் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. தலை முதல் கால் வரை முழுசாகத் தெரியட்டும்.