இடப்பக்க ஸ்பீக்கர்

ஜூன் 5, புதன்
மாடியில் டெல்னாவின் கட்டிலைக் கழற்றியாயிற்று. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டோமாம், இனி அந்த அறை தியேட்டராம். என் வீட்டுக்காரர் பவுலோசேட்டன் ஓமன் வேலையை விட்டு வந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சு. பின்பக்கத்துக்குச் சின்னதாக இரண்டு ஸ்பீக்கர் போதாதா என்றேன். "படத்துல மழை பெஞ்சா நம்ம முதுகுக்குப் பின்னாடி பெய்யணும்டீ ரோசிலி" என்றார். இரிஞ்ஞாலக்குடையில் ஜூன் மாதத்து மழைக்கு ஸ்பீக்கர் வேறு வேண்டுமா? சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டில் நன்றாகச் சிரிக்கிறார், காரில்தான் வேறு ஆள். அதுதான் புரியவில்லை.

ஜூன் 9, ஞாயிறு
சர்ச்சுக்குப் போகும்போதும் ஒரு வார்த்தை இல்லை, வரும்போதும் இல்லை. டெல்னா ஃபோனில் சொன்னதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். வைப்பரைத் தட்டிவிட்டு ரோட்டையே பார்த்தார். சத்தமாக ஒரு தடவை கேட்டதற்கு "ம்" என்றார்.
இரண்டு வருடம் முன்பு விசிட்டில் ஓமன் போனேனே, அப்போது நிஸ்வா போகும் வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிய மனிதர்! ஒட்டகத்தைக் காட்டினார், மேனேஜர் மாதிரி பேசிக் காட்டினார், சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இங்கே வண்டியில் ஏறினால் வாய்க்குப் பூட்டு. என் பக்கத்தில் உட்கார்ந்து பேசவே பிடிக்கவில்லையா? அங்கே வேறு யாராவது —
எழுதவே கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

ஜூன் 13, வியாழன்
சாலக்குடிக் கடையிலிருந்து சுபீஷ் வந்து மாட்டினான். சோபாவுக்கு இரண்டு பக்கமும், சற்றுப் பின்னால் தள்ளி, உட்கார்ந்தால் காதுக்குக் கொஞ்சம் மேலே. இடப்பக்கம் ஜன்னல் இருப்பதால் அதற்கு மட்டும் ஸ்டாண்டு. போட்டுப் பார்த்ததும் இவர் முகம் சுருங்கியது. "இடது பக்கம் செத்துக் கிடக்குதே?" எனக்கு நன்றாகத்தான் கேட்டது. சொன்னேன். "மிக்ஸி சத்தம் கேட்டே பழகின காது. உனக்கென்ன தெரியும்?"
கொழுப்பு.

ஜூன் 16, ஞாயிறு
வண்டியில் இன்றைக்கு நானும் பேசவில்லை. பேசாததை அவர் கவனிக்கவும் இல்லை.

ஜூன் 18, செவ்வாய்
மாற்று ஸ்பீக்கர் வந்தது. பெரியது, விலையும் பெரியது. அதுவும் சரியில்லையாம். மனசில் இருக்கும் சந்தேகத்தை யாரிடம் போய்ச் சொல்வது? எனக்குத் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை.

ஜூன் 22, சனி
மூன்றாவதும் வந்தது. அதற்கும் அதே பாட்டு. சுபீஷுக்குப் பொறுமை போய்விட்டது. வலப்பக்க ஸ்பீக்கரைக் கழற்றி இடப்பக்கம் மாட்டினான். "சேட்டா, இவ்வளவு நேரம் நீங்க பிரமாதம்னு சொன்னதுதான் இப்ப இந்தப் பக்கம் இருக்கு. கேளுங்க" என்று அதை மட்டும் மெதுவாகப் போட்டான்.
"இதுவும் செத்துப்போச்சு" என்றார் இவர். வயரைத்தான் பார்க்கிறேன் என்று சோபாவில் மண்டியிட்டுப் பின்சுவரைப் பார்த்துத் திரும்பினார். "ஆ, வந்துருச்சு! கேக்குது!" முன்னால் திரும்பி உட்கார்ந்தார். "போச்சு."
"உங்க மூஞ்சியைப் பார்த்தாத்தான் பாடுமா சேட்டா?" என்று சுபீஷ் சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் பின்சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தபோது அந்த ஸ்பீக்கர் இவருடைய வலது காதுப் பக்கம் இருந்தது.
ஓமனில் ஸ்டீயரிங் இடப்பக்கம். அங்கே நான் இவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். இங்கே இடப்பக்கம்.
கர்த்தாவே. கேக்கவே இல்ல இந்த மனுஷனுக்கு. நான் சொன்னது ஒண்ணுமே கேக்கல. நான் என்னென்ன நெனச்சேன்!

ஜூன் 23, ஞாயிறு
காலையில் ஆப்பம் வைத்துக்கொண்டே, மெதுவாகத்தான் கேட்டேன் — ஒரு தடவை காது டாக்டரைப் பார்த்துவிடலாமா? தட்டைத் தள்ளிவிட்டார். "செவிடன்னு ஊருக்கே சொல்லிக்கிட்டுத் திரியணுமா உனக்கு? கடைக்காரன் ஏமாத்துறான், நீ அவனுக்கு வக்காலத்தா?" மாடிக்குப் போய் ஜன்னல் அதிரச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். சர்ச்சுக்கும் போகவில்லை.
கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து என்ன தேடுகிறார்?

ஜூன் 27, வியாழன்
மாடியில் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். ஸ்பீக்கர்களைப் பழைய வேட்டியால் மூடி வைத்திருக்கிறார்.

ஜூன் 30, ஞாயிறு
இவர் சட்டை மாட்டுவதற்குள் கார் சாவியை நான் எடுத்துக்கொண்டேன். இவர் ஓமனில் இருந்த வருடங்களில் நான்தானே ஓட்டினேன்!
"ஏன், என் கைக்கு என்ன கேடு?"
"எனக்கு ஆசையா இருக்கு. ஏறுங்க."
முணுமுணுத்துக்கொண்டே இடப்பக்கம் ஏறினார். மழை சடசடவென்று கூரையில் விழுந்துகொண்டிருந்தது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல், "மத்தியானத்துக்கு மீனா, போர்க்கா?" என்றேன்.
"போர்க். வாழைக்காய் போட்டு வை" என்றார் உடனே.
கண்ணீர் எனக்குக் கண்ணை மறைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இவர் என்னைப் பார்த்தார், ஸ்டீயரிங்கைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.
"ஓமன்ல கம்பெனி காது டெஸ்ட்லயே சொல்லிட்டாங்க" என்றார். "கம்ப்ரஸர் இரைச்சல் பக்கத்துலயே நின்ன காதுதானே. அதுக்குத்தான் வேலையை விட்டு அனுப்பினாங்க." கண்ணாடியில் வழிந்த மழையைப் பார்த்துக்கொண்டே, "அவங்க மிஷின்தான் தப்புன்னு இருந்தேன். நல்ல ஸ்பீக்கரா வாங்கி வெச்சா, ஒண்ணாவது கேட்டுடாதான்னு…"
அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.
"அப்போ இவ்வளவு நாளா வண்டியில நீ பேசிக்கிட்டு வந்தியா?"
"பின்னே?"
"என்ன பேசின?"
சந்தேகப்பட்டதை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூசை பாதி முடிந்திருந்தது.