அக்காவின் துவக்கு

ஒக்டோபர் 18, சனி

டெக்சஸிலிருந்து வந்திருக்கும் அக்காவுடன் இன்று ஸ்காபரோவில் மரக்கறி வாங்கப் போனேன். கடைக்குள் அவள் தன் கைப்பையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"என்னக்கா தேடுறியள்?"

"அங்க இதுக்குள்ள துவக்கு வச்சிருப்பன். எல்லை தாண்டி இங்க கொண்டுவர ஏலாதெல்லோ. லைசன்ஸ் இருக்கு, கடை, பார்க் எல்லாம் கொண்டுபோகலாம். பள்ளிக்கூடத்துக்கு ஏலாது. கோயில்ல துவக்கு கொண்டுவரக்கூடாதெண்டு போர்ட் போட்டிருக்கினம், அதால காருக்குள்ள வச்சிட்டுப் போவன்."

கைத்துப்பாக்கியைப் பற்றி, ஏதோ குடையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். கோடையில் அங்கே நின்றபோது என் ஆறு வயது மகள் அந்தப் பைக்குள் கைவிட்டுத்தான் இனிப்பு எடுப்பாள்.

"அப்பவும் இருந்ததோ?"

"ஓம். மற்றப் பக்கம், ஜிப் போட்டிருந்தனான்."

மார்கழி விடுமுறைக்கு மகளை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அனுப்பமாட்டேன் என்று நாளைக்குச் சொல்ல வேண்டும். ஏன் என்று அக்காவுக்கு விளங்கப்போவதில்லை.