மாப்பிள்ளை டவுன் பஸ்ஸில் போன நாள்

இன்று காலை நாம் இருவரும் சேர்ந்து நடத்திய புகைப் பரிசோதனை மையத்தின் வாசலில் உன் அண்ணன், நம் காக்கா, புது ஆட்டோ ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டி வந்த சத்தமே கேட்கவில்லை. "தங்கச்சி, துணியப் புடி!" என்ற குரல் மட்டும் கேட்டது. மேசைமேல் இருந்த வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்க் குனிந்தேன். சைலன்சரைக் காணவில்லை. பேட்டரி ஆட்டோ! நான் துணியோடு தேடித் தேடிப் பார்க்க, உன் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தத் துணி உன் ஏற்பாடு. கருவி காட்டும் எண்ணை எந்த டிரைவரும் நம்பியதில்லை. "ஒங்க மிஷினு கெட்டுப்போச்சுக்கா" என்பார்கள். நீ சைலன்சர் வாயில் துணியைப் பிடித்து, படிந்த கரியை அவர்கள் கண்முன் விரிப்பாய். "ஒங்க புள்ளைக மூக்குக்குள்ள போறது இதுதான், நல்லாப் பாருங்க." அதற்குமேல் யாரும் வாதாடியதில்லை.

உன் தம்பியின் நிக்காஹ் நாளை நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையைக் கீழக்கரைக்கு, பெண் வீட்டுக்கு, அழைத்துப் போக வேண்டியது காக்காவின் வேன்தான். அதற்குப் புகைச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது; வழியில் சோதனையில் பிடித்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். தங்கச்சியே மையம் வைத்திருக்கும்போது என்ன கவலை என்று கடைசி நாள்வரை விட்டிருந்தார். படகுக்கு வாங்கிய மண்ணெண்ணெயை டீசலோடு கலந்து ஓட்டுகிறவர் அவர். புகை தெரியாமலிருக்க, ஈரத் தேங்காய் நாரைச் சைலன்சருக்குள் திணித்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஆக்சிலேட்டர மிதிங்க காக்கா" என்றாய். டப்பென்று நார் உருண்டை பறந்து போய்ச் சுவரில் மோதியது. பின்னாலேயே கரும்புகை. வண்டிக்குப் பின்னால் நின்றிருந்த மாப்பிள்ளையின் முகத்தில் கண் இரண்டும்தான் வெள்ளை.

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை.

"நம்ம வண்டிதானம்மா, கொஞ்சம் பாத்துப் போட்டு விடு" என்றார் காக்கா.

"ஊரான் வண்டிய நிறுத்திட்டு ஒங்களுக்குப் போட்டுக் குடுத்தா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் துணி புடிக்கிறது?"

"அப்ப மாப்பிள்ளைய நடத்தியே கூட்டிட்டுப் போவியா? சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சதும் நிக்காஹ். இன்னைக்கு எந்த வேனும் கெடைக்காது, தெரியுமா?"

உன் விரல்கள் துப்பட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன. தம்பியின் கல்யாணம் உன்னால் தாமதமானால் சொந்தமெல்லாம் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும். ஆனாலும் சான்றிதழ் அடிக்கிற கம்ப்யூட்டர் பக்கம் நீ போகவில்லை.

கடைசியில் அக்கா உனக்கு வழி சொன்னது மாப்பிள்ளைதான். "லாத்தா, மூஞ்சியக் கழுவிட்டு வாரேன். டவுன் பஸ்ஸுல போவோம்."

பட்டுச் சேலைகளும் அத்தர் மணமும் சீர்த் தட்டுகளுமாக நாம் ஏறியதும் பஸ் நிறைந்துவிட்டது. பெண்களுக்கெல்லாம் இலவசம். கண்டக்டர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக் கூட்டத்துல டிக்கெட்டு மாப்பிள்ளைக்கும் இந்த அண்ணனுக்கும்தானா? கல்யாணச் செலவு ரொம்ப ஆயிருச்சே!" என்றார். பஸ்ஸே சிரித்தது. அதுவரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்த காக்காவுக்கும் அடக்க முடியவில்லை. தொழுகைக்கு முன்பே கீழக்கரை போய்ச் சேர்ந்தோம். பெண் வீட்டார் வாசலில் வேனைத் தேடிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை மாலையோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தார். வீட்டுக்குள் நுழையும்போது நீ என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாய். அந்த அழுத்தம் இன்னும் என் கையில் இருக்கிறது.

வண்டிகள் குறைந்த மதியங்களில் நீ சொல்வாய்: "பொகையே இல்லாத வண்டியா வர ஆரம்பிச்சிட்டா, கடையப் பூட்டிட்டு அரியமான் கடக்கரைக்குப் போயிரணும் புள்ள. நாள் பூரா தண்ணில கெடக்கணும்." நம் பிழைப்பு முடிகிற நாளுக்காக இத்தனை ஆசையோடு காத்திருந்தவள் நீ ஒருத்திதான்.

இன்று காலை சிரித்து முடித்ததும் காக்கா ஆட்டோவின் சீட்டைத் துடைத்துவிட்டார். பிறகு, "அவ உசுரோட இருந்தா இதுலயும் ஒரு கொறை கண்டுபிடிச்சிருப்பா" என்றார். "ஏறும்மா, அரியமானுக்குப் போயிட்டு வருவோம். அவ ஆசைப்பட்டதுதான."

கடையைப் பூட்டச் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது சாயல்குடியிலிருந்து உப்பு ஏற்றிவந்த லாரி ஒன்று, தெருவையே கறுப்பாக்கியபடி வாசலில் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "அக்கா, நம்ம வண்டிதான், கொஞ்சம் பாத்துப் போட்டு விடுங்க" என்றார்.

நானும் காக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவரே சாவியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, துணியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அரியமானுக்கு இன்னும் கொஞ்சம் நாள் ஆகும், புள்ள. துணியைப் பிரித்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் போனேன்.