குடல்வாலில் இருந்த குண்டூசி

அன்புள்ள பாப்பாவுக்கு, சித்தி எழுதுவது. அப்பாவுக்குத் தையல் பிரித்தாயிற்று, எழுந்து நடமாடுகிறார், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். நீயும் அங்கே நோய் நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அன்று ஆஸ்பத்திரியில் நான் வாயைத் திறக்கவே இல்லை என்று அத்தை உனக்குப் போனில் சொல்லியிருப்பார். உண்மைதான். இவர் வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

மழைக்காலம் முழுக்க அவருக்கு வயிற்றுவலி வந்து வந்து போனது. அத்தை வரும்போதெல்லாம் உன் அம்மாவை நினைத்துக்கொண்டு, "எங்க அண்ணி இருந்தவரைக்கும் அண்ணனுக்கு ஒரு ஏப்பம்கூட வந்ததில்ல" என்பார். அப்பா சிரிப்பார். நான் காரத்தைக் குறைத்தேன், எண்ணெயைக் குறைத்தேன், கடைசியில் கஞ்சிதான் மிச்சம். ஒருநாள் கடையில் துணி வெட்டும் மேசையைப் பிடித்தபடியே சுருண்டு விழுந்துவிட்டார். குடல்வாலாகத்தான் இருக்கும், சின்ன ஆபரேஷன் என்றார்கள். திறந்து பார்த்தால் குடல்வாலைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டூசி, கறுத்துப்போய். டாக்டர் அதை ஒரு குப்பியில் போட்டு எடுத்துவந்தார், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி முகம். "படிச்சிருக்கேன், இப்பதான் கண்ணால பாக்குறேன்" என்றார். அப்பா டெய்லர் என்று தெரிந்ததும், "ஊசியை வாயில வச்சுக்குவீங்களோ?" என்று கேட்டார்.

உனக்குத் தெரியும், உன்னைத் திட்டுவதற்குக்கூட அவர் உதட்டிலிருந்து ஊசியை எடுத்ததில்லை. ஆனால் தொழில் கற்க வருகிறவன் வாயில் ஊசியைக் கண்டால் கன்னத்தில் அறைகிற மாஸ்டரும் அவர்தான். "சேச்சே, அது வேலை தெரியாதவன் பண்றது டாக்டர்" என்றார். டாக்டர் போனதும் அத்தை குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வாயில வைக்கலன்னா சோத்துலதானே வந்திருக்கும்?" என்று கேட்டார். என்னிடம் அல்ல, பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம். அந்தம்மா என் கைகளைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன், இப்போதாவது சொல்வார் என்று. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பினார். வலித்திருக்கும், ஆனாலும் திரும்பினார்.

நீயும் அங்கே தைக்கிறாய். ஊசியைத் துணியில் குத்தி வை, வாய்க்குக் கொண்டுபோகாதே, மறந்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பும் மனசும் கெடாமல் நூறு வருஷம் நன்றாக இரு. அப்பா திங்கட்கிழமையிலிருந்து கடைக்குப் போகிறார். உதட்டில் ஊசி இருக்கிறது. மூன்று வேளைச் சாப்பாடும் அத்தை வீட்டிலிருந்து வருகிறது.

இப்படிக்கு,
உன் சித்தி