மூன்றாம் ஓலை

1931 ஜூன் 7, ஞாயிறு. பத்து பகாட், மலாயா.

விடியற்காலையிலிருந்தே மழை. கோயில் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகல். பெண்கள் பக்கம் பாய் நனைந்தது. ஆண்களுக்குப் பெஞ்சு, கவலை இல்லை.

மூன்று ஞாயிறு சபையில் வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பில் இன்று முதலாம் ஓலை. பெரிய எழுத்தில் நான் எழுதிக் கொடுத்ததை அப்பா வாசித்தார். காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஆசீர்வாதத்துக்கும் அதே தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மகள் எஸ்தருக்கும் விவாகம். தடை அறிந்தவர்கள் மூன்று ஞாயிறுக்குள் சொல்லலாம்.

யாரும் சொல்லவில்லை. உபதேசியாரான அப்பாவே சொல்லியிருக்கலாம். ஊரிலிருந்து ஆசீர்வாதத்தின் மனைவி எழுதிய கடிதம் மார்ச் மாதமே வந்தது. அப்பாவுக்குக் கண் மங்கல். கோயில் தபாலை நான்தான் வாசித்துக் காட்டுவேன். என் புருஷன் உயிரோடு இருக்கிறாரா, அதை மட்டும் எழுதுங்கள் என்று கேட்டிருந்தாள். அப்பா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு பீரோவில் வைத்துப் பூட்டினார். பதில் போகவில்லை.

ஆராதனை முடிந்ததும் மாப்பிள்ளை ஆ. பிஸ்கட் டின்னோடு வந்தான். அப்பா வாங்கிக்கொண்டார்.

ஜூன் 9, செவ்வாய்.

வெயில். இரண்டு நாள் துணி ஒரே நாளில் காய்ந்தது.

சபை மூப்பர் ஞானமுத்து வந்தார். கையில் எப்போதும் மடித்த இங்கிலீஷ் பத்திரிகை. பாதி புரியும், மீதியை நம்புவார். பாவம் என்பது தேசத்துக்குத் தேசம் மாறும் என்று யாரோ பெரிய படிப்பாளி எழுதியிருக்கிறாராம். அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அது அங்க, பாப்பா. இது மலாயா. கப்பல் ஏறுனப்பவே பாதிய விட்டுட்டுத்தானே வந்தோம்?"

"பத்துக் கட்டளையில எதை எதை விட்டுட்டு வந்தீங்க மாமா?"

சிரித்தார். காபி கேட்டார்.

விஷயம் இதுதான். ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத்தில் ஆள் குறைக்கிறார்கள். ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டியவர்கள் பட்டியலை ஆ. எழுதித் துரையிடம் கொடுக்கிறான். எஸ்தரின் அப்பா பெயர் அதில் இருந்தது, இப்போது இல்லை. ஞா.வின் மருமகன் பெயரும் அப்படியே. காலம் கெட்டுப்போச்சு என்கிறார்கள் எல்லாரும், வானத்திலிருந்து கொட்டியது போல.

ஜூன் 14, ஞாயிறு.

இரண்டாம் ஓலை. யாரோ இருமினார்கள்.

மத்தியானம் வேதத்தில், ராஜா இல்லாமல் அவனவன் தன் இஷ்டப்படி நடந்த நாட்களின் கதையை வாசித்தேன். அந்தக் குழப்பம் கொள்ளைக்காரர்களால் ஆரம்பிக்கவில்லை. வீடு வாசல் உள்ள ஒரு கண்ணியமான மனிதன், சம்பளமும் துணியும் சாப்பாடும் பேசித் தனக்கென்று ஓர் ஆசாரியனை வைத்துக்கொள்வதில் ஆரம்பம். புத்தகம் முடிவதற்குள் ஒரு பெண் வாசற்படியில் செத்துக் கிடக்கிறாள்.

பிஸ்கட்டை நான் தொடவில்லை. அப்பா காபியில் தோய்த்துச் சாப்பிட்டார்.

ஜூன் 17, புதன்.

எஸ்தர் கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாள். அளவெடுப்பதை நிறுத்திவிட்டு ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியும்க்கா. அவரே சொன்னாரு."

"தெரிஞ்சுமா?"

"ஊர்ல எங்களுக்கு வீடு இல்ல, நிலம் இல்ல. போயி எங்க நிக்கிறது? உங்க அப்பா பேரு எந்த லிஸ்டுலயும் வராது. நீங்க வேதம் பேசலாம்."

கோபம் அவள் மேல் இல்லை என்று எழுத ஆசை. அவள் மேலும்தான். ஆனால் ஒன்று, இதை நியாயம் என்று சொல்லாதவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் செய்வதையும் செய்துவிட்டு அதற்கு நல்ல பெயரும் வைக்கிறார்கள்.

தைக்க மாட்டேன் என்று துணியைத் திருப்பிக் கொடுத்தேன். நூல் வாங்க வேண்டும்.

ஜூன் 20, சனி.

நாளை எழுந்து தடை சொல்லப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். டிரெசர் குடும்பம் தெருவுக்கு வரும் என்றார். வரும். தெரியும். ஊரில் இருக்கிறவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று கேட்டேன். அப்பா சொன்னது:

"பொம்பளைங்க சபையில எந்திரிச்சுப் பேசக்கூடாதும்மா. வேதத்துல இருக்கு."

அந்த ஒரு வசனம் மட்டும் பத்திரமாகக் கடல் தாண்டி வந்திருக்கிறது.

ஜூன் 21, ஞாயிறு.

மழை இல்லை. கூட்டம். விருந்துக்கு ஆடா கோழியா என்ற பேச்சு.

அப்பா மூன்றாம் ஓலையை வேகமாக வாசித்தார். தடை பற்றிய வரியை இன்னும் வேகமாக. எழுந்தேன். மாப்பிள்ளையின் மனைவி உயிரோடு இருக்கிறாள், அவள் கடிதம் கோயில் பீரோவில் இருக்கிறது என்றேன். ஆ. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எஸ்தர் தலை நிமிரவில்லை. அவள் அப்பா என்னையே பார்த்தார்.

ஞா. எழுந்தார். "பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல உபதேசியாரே. நீங்க முடிங்க."

அப்பா முடித்திருக்கலாம். தடை என்றால் பதிவுப் புத்தகத்தில் எழுதியாக வேண்டும்; எழுதினால் கல்யாணம் நிற்கும். ஓலையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். மடித்தார். புத்தகத்தைத் திறந்து, என் பக்கம் திரும்பாமல், "தடை சொல்றது யாரு?" என்றார்.

பெயரைச் சொன்னேன். எழுதினார்.

முறைப்படி தகப்பன் பெயரும் கேட்டார். சொன்னேன்.